வீணையும் வயலினும் கிட்டாருக்குள்: ஓப்பன் ட்யூனிங் முழுமையான வழிகாட்டி

கிட்டார் வகுப்பில் எஃப் கார்டு (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) வரும் வாரத்தில்தான் பலரும் கிட்டாரை உறையில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுகிறார்கள். ஆள்காட்டி விரலை ஆறு கம்பி மீதும் படுக்கவைத்து அழுத்தினால் இரண்டு ஊமையாகும், மூன்றாவது கரகரக்கும். நானும் அப்படி ஏற்றியவன்தான். திரும்ப இறக்க வைத்தது ஓப்பன் ட்யூனிங். விரலே வைக்காமல் மீட்டினாலும் ஒரு முழுக் கார்டு கேட்கும்படி கம்பிகளைச் சுருதி சேர்ப்பதற்குத்தான் இந்தப் பெயர்.

தமிழ்க் காதுக்கு இது புதிதே இல்லை. வீணையின் நான்கு வாசிப்புக் கம்பிகளைத் தடித்ததிலிருந்து வரிசையாக மீட்டினால் ப, ஸ, ப, ஸ. கர்நாடக வயலினை அதே மாதிரி மீட்டினால் ஸ, ப, ஸ, ப. இப்போது கிட்டாருக்கு வாருங்கள். ஓப்பன் ஜி என்ற ட்யூனிங்கில் தடித்த நான்கு கம்பிகள் டி, ஜி, டி, ஜி. ஜியை ஸட்ஜமாக வைத்துப் படித்தால் ப, ஸ, ப, ஸ. அப்படியே வீணை. ஓப்பன் சி ட்யூனிங்கில் அதே நான்கு கம்பிகள் சி, ஜி, சி, ஜி. சியை ஸட்ஜமாக வைத்தால் ஸ, ப, ஸ, ப. அது வயலின்.

சிங்கப்பூரில் நம் வீடுகளில் சிறுவயதில் வீணையோ வயலினோ கற்ற ஒருவராவது இருப்பார். அவருக்கு ஐந்து நிமிடத்தில் புரிகிற விஷயத்தை, மேற்கத்திய வழிகாட்டிகளில் படித்த எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. அதனால் இங்கே ஆங்கில எழுத்துப் பெயர்களோடு ஸ்வரத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொடங்கும் முன்

தடித்த கம்பி ஆறாவது, மிக மெல்லியது ஒன்றாவது. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் மெட்டு; ஒரு மெட்டு அரைச்சுரம், இரண்டு மெட்டு முழுச்சுரம். வழக்கமான சுருதி, ஆறிலிருந்து ஒன்றுவரை: இ, ஏ, டி, ஜி, பி, இ. கீழே எந்த வரிசையைக் கொடுத்தாலும் ஆறாவதிலிருந்துதான் தொடங்கும்.

ட்யூனர் ஆப்பில் 'கிட்டார்' என்ற தேர்வை விட்டு 'குரோமாட்டிக்' (எல்லாச் சுரங்களையும் காட்டுவது) என்பதற்கு மாற்றுங்கள். அக்கா மகன் இதைச் செய்யாமல் அரைமணி நேரம் போராடினான். "நான் இறக்க இறக்க இது ஏத்தச் சொல்லுது மாமா" என்றான். ஆப்பைக் குறை சொல்ல முடியாது. அதற்குத் தெரிந்தது வழக்கமான ஆறு சுருதி மட்டும்தான். டிக்கு இறக்கிய கம்பியைப் பார்த்து, இ குறைவாக இருக்கிறது, முறுக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அடுத்தது கம்பியின் தடிமன். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 'லைட்' செட் 12இலிருந்து 53 வரை (மிக மெல்லிய கம்பியும் மிகத் தடித்த கம்பியும், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு). ஒரு கம்பியை முழுச்சுரம் இறக்கினால் அதன் இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். லைட் செட் அதைத் தாங்கும். ஆனால் ஓப்பன் சிக்கு ஆறாம் கம்பியை இரண்டு முழுச்சுரம் இறக்கும்போது 37 விழுக்காடு போய்விடும். கம்பி துணி காயப்போடும் கயிறு மாதிரி ஆடும். அதற்கு 13–56 'மீடியம்' செட் போடுங்கள். பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கிட்டார் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். மீடியம் செட்டைப் போட்டு வழக்கமான சுருதிக்கு முறுக்கி வைத்துவிடாதீர்கள், பழைய கிட்டார் என்றால் பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகள் மாட்டியிருக்கும் கட்டை) பெயர்ந்து வந்துவிடலாம்.

நம் ஊர் ஈரப்பதத்தையும் மறக்க வேண்டாம். இங்கே ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். கிட்டாருக்கு உகந்தது 45–55. குளிரூட்டிய எம்ஆர்டி ரயிலில் வந்த கிட்டாரை வெளியே எடுத்த உடனே சுருதி சேர்த்தால், பத்து நிமிடத்தில் எல்லாம் நகர்ந்திருக்கும். உறையைத் திறந்துவிட்டு ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

நட், அதாவது கம்பி தலைப்பக்கம் உட்காரும் வெட்டுப்பட்ட துண்டு, கம்பியைப் பிடித்துக்கொள்ளும் இடம். பிருடையை (கம்பியை முறுக்கும் திருகு) திருப்பும்போது "டிங்" என்று சத்தம் வந்து சுருதி குதித்தால் குற்றவாளி அதுதான். பென்சில் முனையை அந்த வெட்டுகளில் நாலைந்து தடவை தேயுங்கள். கரி வழுவழுப்பாக்கிவிடும்.

இறக்கும்போது ஒரு வழக்கம்: வேண்டிய சுருதிக்கும் சற்றுக் கீழே போய், அங்கிருந்து ஏற்றி நிறுத்துங்கள். நேராக இறக்கி நிறுத்தினால் பிருடையின் பல்சக்கரத்தில் இருக்கும் தளர்வு, வாசிக்கும்போது கம்பியை இன்னும் கீழே இழுத்துவிடும்.

முதல் படி: டேட்கேட்

டி, ஏ, டி, ஜி, ஏ, டி. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் படித்து 'டேட்கேட்' என்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் டேவி கிரஹாம் என்ற இங்கிலாந்துக் கலைஞர் மொராக்கோவில் ஊத் (அரபு நரம்பிசைக் கருவி) வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க வசதியாக இதைக் கையாண்டார். டியை ஸட்ஜமாக வைத்தால் ஸ, ப, ஸ, ம, ப, ஸ. காந்தாரமே (க) கிடையாது. ஒரு கார்டு மேஜரா மைனரா என்று முடிவு செய்வது அந்தக் க-தான்; அதனால்தான் இது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. ராகம் வாசிப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

மூன்று கம்பிகளைத்தான் தொடுகிறோம்.

ஆறாவது: இயிலிருந்து டி. பன்னிரண்டாம் மெட்டுக் கம்பிக்கு நேர் மேலே விரலை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணி மாதிரி ஒலிக்கும் ஹார்மோனிக் வரும். அது நான்காம் கம்பியின் வெறும் ஒலியோடு ஒன்றாகும்வரை இறக்குங்கள்.

இரண்டாவது: பியிலிருந்து ஏ. ஐந்தாம் கம்பியின் பன்னிரண்டாம் மெட்டு ஹார்மோனிக்கோடு இதன் வெறும் ஒலி சேரவேண்டும்.

ஒன்றாவது: இயிலிருந்து டி. நான்காம் கம்பியின் பன்னிரண்டாம் மெட்டு ஹார்மோனிக்கோடு சேருங்கள்.

சேராதபோது இரண்டு ஒலியும் மோதி "வொவ் வொவ் வொவ்" என்று அலையும். நெருங்க நெருங்க அந்த அலை மெதுவாகி, ஓர் இடத்தில் நின்றுவிடும். தம்புரா சேர்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

முடிந்ததும் மறுபடி ஆறாவதிலிருந்து பாருங்கள். மூன்று கம்பி தளர்ந்ததும் கழுத்தின் மேலிருந்த பாரம் குறைந்து, தொடாத கம்பிகள் லேசாக ஏறியிருக்கும். இரண்டு சுற்று, சில நேரம் மூன்று சுற்று. இதைச் சோம்பேறித்தனமாக விட்டவர்கள்தான் "ஓப்பன் ட்யூனிங் என் கிட்டாருக்கு ஒத்துவரவில்லை" என்பவர்கள்.

விரல் வைக்க (ஒவ்வோர் எண்ணும் ஒரு கம்பியில் அழுத்த வேண்டிய மெட்டு, 0 என்றால் வெறும் கம்பி): 0-0-0-2-0-0 உங்கள் வீடு. 0-0-4-2-0-0 என்றால் டி மேஜர். அந்த 4ஐ 3 ஆக்கினால் டி மைனர். ஆறாவதை விட்டுவிட்டு ஐந்தாவதிலிருந்து 0-2-2-0-0 ஏங்கவைக்கும் ஓர் ஏ. அதே வடிவத்தை இரண்டு மெட்டு தள்ளி 2-4-4-0-0 என்று வைத்தால் பி மைனர் ஏழு. ஐந்தாம் கம்பியின் இரண்டாம் மெட்டில் மட்டும் விரல் வைத்தால் ஜி. இந்த ஆறையும் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க ஓட்டலாம்.

இரண்டாம் படி: மூன்றாம் கம்பி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

டேட்கேட்டில் இருந்தபடியே இந்த ஆறு ஒலிகளை வரிசையாக வாசியுங்கள். நான்காம் கம்பி வெறுமனே. நான்காம் கம்பி இரண்டாம் மெட்டு. மூன்றாம் கம்பி வெறுமனே. இரண்டாம் கம்பி வெறுமனே. இரண்டாம் கம்பி இரண்டாம் மெட்டு. ஒன்றாம் கம்பி வெறுமனே. ஒரே விரல், ஒரே மெட்டு. வருவது ஸ ரி ம ப த ஸ. சுத்த ஸாவேரி.

இப்போது மூன்றாம் கம்பியை ஜியிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு, அரைச்சுரம் இறக்குங்கள். அளவு பார்க்க, நான்காம் கம்பியின் நான்காம் மெட்டை அழுத்தி மீட்டுங்கள், அதுதான் எஃப் ஷார்ப். மற்ற எதையும் தொட வேண்டாம். அதே ஆறு ஒலிகளை அதே விரலால் வாசியுங்கள். ஸ ரி க ப த ஸ. மோகனம்.

இன்னும் அரைச்சுரம் இறக்கி எஃப்புக்குக் கொண்டுவாருங்கள். நான்காம் கம்பியின் மூன்றாம் மெட்டுதான் அளவு. அதே விரல், அதே வரிசை. 'சாதாரண காந்தாரம்' என்கிற தாழ்ந்த க வந்துவிட்டது. சிவரஞ்சனி.

ஒரு பிருடையை இரண்டு தடவை திருப்பியதில் மூன்று ராகம். கட்டை விரலால் ஆறாம் கம்பியையும் ஐந்தாம் கம்பியையும் மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டே இருந்தால் மந்த்ர ஸ-வும் ப-வும் தம்புரா போலக் கீழே ஓடும். முதல் முறை இதை வாசித்தபோது மூன்றாவதற்கு வந்ததும், சமையலறையில் இருந்த அம்மா, "என்னடா திடீர்னு அழ வைக்கிற" என்றார்.

எஃப் ஷார்ப்பில் நிற்கும் ட்யூனிங்தான் ஓப்பன் டி: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. எஃப்பில் நிற்பது ஓப்பன் டி மைனர். ஓப்பன் டியில் ஒரு விரலை ஐந்தாம் மெட்டில் குறுக்கே படுக்கவைத்தால் ஜி, ஏழாம் மெட்டில் ஏ. பாதிப் பாடல்களுக்கு இந்த மூன்றே போதும். கொஞ்சம் நயமாக வேண்டுமானால் ஜிக்கு 0-2-0-1-2-0; பி மைனருக்கு ஐந்தாவதிலிருந்து 2-0-0-2-0.

ஓப்பன் மேஜரில் ஒரு குறை உண்டு. காந்தாரம் வெறும் கம்பியிலேயே இருப்பதால் அதை ஏற்றலாம், இறக்க முடியாது. மைனர் கார்டு பிடிப்பது சிரமம். மைனர் பாட்டு அதிகம் வாசிப்பவர் ஓப்பன் டி மைனரில் வைத்துக்கொண்டு, மேஜர் வேண்டும்போது மூன்றாம் கம்பியின் முதல் மெட்டை அழுத்துவது நல்லது.

பஞ்சமம் இல்லாத ஹிந்தோளத்தை இந்தச் சுருதிகளில் முயலாதீர்கள், ப கம்பி கூடவே ஒலித்துக் கெடுக்கும். தம்புராவில் ப கம்பியை ம-வுக்கு மாற்றுவார்களே, அதையே இங்கேயும் செய்யலாம். டேட்கேட்டிலிருந்து ஐந்தாவதையும் இரண்டாவதையும் ஜிக்கு இறக்கினால் டி, ஜி, டி, ஜி, ஜி, டி. ஸ-வும் ம-வும் மட்டும்.

காந்தாரத்தை ட்யூனரிடம் விடாதீர்கள்

ஓப்பன் டியில் ட்யூனர் எல்லாக் கம்பிக்கும் பச்சை காட்டியும் கார்டு லேசாகக் கடுக்கும். உங்கள் காது சரி. ட்யூனர் சொல்லும் காந்தாரம், இயற்கையான அந்தர காந்தாரத்தைவிட (மோகனத்தில் வந்த உயர்ந்த க) ஏறத்தாழ 14 சென்ட் மேலே நிற்கிறது (நூறு சென்ட் சேர்ந்தால் ஓர் அரைச்சுரம்). வழக்கமான சுருதியில் விரல்கள் மாறிக்கொண்டே இருப்பதால் இது அவ்வளவாகத் தெரியாது. வெறும் கம்பிகள் ஐந்து விநாடி நின்று ஒலிக்கும் இடத்தில் தெரிந்துவிடும்.

நன்றாகச் சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம் கேட்கும். ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். கைப்பேசியில் தம்புரா ஆப்பை இரண்டு கட்டையில் (ஸ = டி) ஓடவிட்டு, அந்தக் காந்தாரத்தோடு உங்கள் மூன்றாம் கம்பியைச் சேர்த்துப் பாருங்கள். ட்யூனர் முள் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், கார்டு அமைதியாகிவிடும். முழு 14 சென்டும் இறக்கினால், அதே கம்பியில் மெட்டு அழுத்தி வாசிக்கும் ஸ்வரங்கள் எல்லாம் தாழ்ந்துவிடும் என்பதால் நான் ஏழெட்டு சென்டோடு நிறுத்திக்கொள்வேன். மெட்டில் அழுத்தாமல் கம்பி மேல் ஒரு குழாயை நகர்த்தி ஸ்லைடு வாசிப்பவர் முழுதாக இறக்கலாம்.

மூன்றாம் படி: ஓப்பன் ஜி, நம் வீணை

டி, ஜி, டி, ஜி, பி, டி. வழக்கமான சுருதியிலிருந்து ஆறு, ஐந்து, ஒன்று ஆகிய மூன்று கம்பிகளையும் ஒரு முழுச்சுரம் இறக்கினால் போதும். ஆறாவதன் பன்னிரண்டாம் மெட்டு ஹார்மோனிக் வெறும் நான்காவதோடும், ஐந்தாவதன் ஹார்மோனிக் வெறும் மூன்றாவதோடும், நான்காவதன் ஹார்மோனிக் வெறும் ஒன்றாவதோடும் சேரவேண்டும். டேட்கேட்டிலிருந்து வருவதானால் இன்னும் சுலபம்: ஐந்தாவதை ஜிக்கு இறக்கி, இரண்டாவதைப் பிக்கு ஏற்றுங்கள்.

ஹவாய்த் தீவுகளின் 'ஸ்லாக் கீ' வாசிப்பில் இதுதான் மிகப் பிரபலமான சுருதி. அங்கே இதற்கு 'டாரோ பேட்ச்' என்று பெயர். டாரோ என்பது நம் சேப்பங்கிழங்கு, ஆக சேப்பங்கிழங்குத் தோட்டம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாம் கம்பியையே கழற்றிவிட்டு ஐந்து கம்பியோடு இதை வாசிப்பவர். காரணம் உண்டு. தடித்த கம்பி ப-வில் இருப்பதால் ஆறையும் சேர்த்து இழுத்தால் ஸட்ஜம் அடியில் உட்காராது. நீங்கள் கழற்ற வேண்டாம், ஐந்தாவதிலிருந்து மீட்டப் பழகினால் சரி.

கார்டுகள்: ஐந்தாம் மெட்டில் ஒரு விரல் படுத்தால் சி, ஏழாம் மெட்டில் டி. விரல்வடிவங்கள் வேண்டுமென்றால், ஐந்தாவதிலிருந்து 0-2-0-1-2 சி, 2-2-2-1-2 ஏ மைனர். நான்காவதிலிருந்து 2-0-0-2 இ மைனர்.

ஹம்ஸத்வனி இதற்கென்றே பிறந்தது போல உட்காரும். மூன்றாம் கம்பி வெறுமனே ஸ, இரண்டாம் மெட்டு ரி. இரண்டாம் கம்பி வெறுமனே க. ஒன்றாம் கம்பி வெறுமனே ப, நான்காம் மெட்டு நி, ஐந்தாம் மெட்டு மேல் ஸ. க-விலிருந்து ப-வுக்குப் போகும்போது இரண்டு வெறும் கம்பிகள் சேர்ந்து ஒலிப்பதில் ஒரு சுகம். அதை அடக்காமல் விடுங்கள்.

ஓப்பன் சியும், நான் ஒதுக்கிவைத்த ஓப்பன் இயும்

ஓப்பன் சி: சி, ஜி, சி, ஜி, சி, இ. மூன்றாவதும் ஒன்றாவதும் அப்படியே. ஐந்தாவதை மூன்றாவதற்குச் சேருங்கள் (பன்னிரண்டாம் மெட்டு ஹார்மோனிக்). நான்காவதை, அதன் ஏழாம் மெட்டை அழுத்தினால் வெறும் மூன்றாவதோடு சேரும்வரை இறக்குங்கள். ஆறாவதன் ஹார்மோனிக்கை வெறும் நான்காவதற்குச் சேருங்கள். கடைசியாக இரண்டாவதைப் பியிலிருந்து சிக்கு அரைச்சுரம் ஏற்றுங்கள், மெதுவாக. வயலின் கற்றவர்கள் இதில் முதல் நாளே வழி கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஓப்பன் இ என்பது ஓப்பன் டியையே ஒரு முழுச்சுரம் மேலே தூக்கியது. மூன்று கம்பிகளை ஏற்ற வேண்டும். முழுச்சுரம் ஏறும் கம்பியில் இழுவிசை கால் பங்குக்கு மேல் கூடும். ஒரு சமூக மன்றத்தில் தீபாவளி நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்த்தபோது பழைய கம்பியில் இதை முயன்றேன். மூன்றாவது "பட்" என்று அறுந்து மணிக்கட்டில் கோடு போட்டது. அன்றிலிருந்து ஓப்பன் டியில் வைத்து இரண்டாம் மெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே மெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டுக்கொள்கிறேன். ஒலியும் அதேதான், கம்பியும் பிழைக்கும்.

பாடுபவரின் கட்டைக்கு

"எத்தனை கட்டை?" என்று கேட்டுவிட்டுத்தான் நம் வீட்டுப் பஜனையில் யாரும் உட்காருவார்கள். கிட்டார்க்காரர் முழிக்க வேண்டியதில்லை. ஓப்பன் சி ஒரு கட்டை. ஓப்பன் டியும் டேட்கேட்டும் இரண்டு கட்டை. ஓப்பன் ஜி ஐந்து கட்டை. கேப்போவை ஒரு மெட்டு ஏற்றினால் அரைச்சுரம் ஏறும். ஆகவே ஓப்பன் சியில் முதல் மெட்டில் கேப்போ என்றால் ஒன்றரைக் கட்டை, ஆண் குரல்களுக்குத் தோதானது. ஓப்பன் ஜியில் அதே முதல் மெட்டு ஐந்தரை, பெண் குரல்களில் பலருக்கும் அதுதான். ஓப்பன் டியில் இரண்டாம் மெட்டு மூன்று கட்டை. மூன்றரை என்று ஒரு கட்டை கிடையாது, ஹார்மோனியத்தில் அங்கே கறுப்புக் கட்டை இல்லாததால். மூன்றாம் மெட்டுக்குப் போனால் நேரே நான்கு.

கேப்போ போட்டதும் கம்பிகள் லேசாக ஏறும். தளர்ந்த கம்பியில் இன்னும் அதிகமாக ஏறும். பாட ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

திரும்பி வருதல்

தினமும் இறக்கி ஏற்றிக்கொண்டே இருந்தால் கம்பி சீக்கிரம் சாகும். நான் ஒரு வாரம் முழுக்க ஒரே சுருதியில் வைத்துக்கொள்வேன். ஒரே நாளில் பலவற்றை வாசிப்பதானால் டேட்கேட், ஓப்பன் டி, ஓப்பன் டி மைனர் என்ற வரிசையில் போங்கள், மூன்றாம் கம்பியைத் தவிர வேறெதுவும் நகராது.

இறக்கி வைத்த கிட்டாரில் கம்பி மெட்டில் உரசிக் கரகரத்தால், கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராடை உடனே திருகப் போகாதீர்கள். இழுவிசை குறைந்ததால் கழுத்து நிமிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். முதலில் ஒரு படி தடித்த கம்பி போட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது தடவை அதுவே போதுமானதாக இருந்தது.

வழக்கமான சுருதிக்கு ஏற்றும்போது ஆறாவதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் சற்றுக் குறைவாகவே நிறுத்தி, இரண்டாம் சுற்றில் சரியான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றாம் கம்பியைக் கடைசியில் ஏற்றுங்கள், அப்போது முகத்தைக் கிட்டாருக்கு மேலே குனிந்து வைத்திருக்காதீர்கள். இரவு பத்து மணி தாண்டிவிட்டது, வீவக அடுக்குமாடி வீட்டுச் சுவர் மெல்லியது என்றால் பிரிட்ஜுக்கு ஒட்டினாற்போல் கம்பிகளுக்கு அடியில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகுங்கள். ஒலி சுருங்கிவிடும், ட்யூனருக்கு அதுவே போதும்.